சைக்கிள் ஓட்டினால் பசிக்கும்: யார் தட்டில் என்ன வைப்பது?

(கன்னிவாடியில் நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்வி உதவி விண்ணப்பம் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த விவரம் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பசியைப் பற்றி. அதிலும் சைக்கிள் ஓட்டுவதால் வரும் பசியைப் பற்றி. கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் கடந்த ஒரு வருடத்தில் இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரிலேயே இரண்டு விதமான தவறுகளைப் பார்த்துவிட்டோம். ஒரு தவறு நாமே செய்தது. இன்னொன்று நம் வீடுகளில் நடப்பது.

முதலில் நம் தவறு.

சென்ற ஆண்டு நாம் நடத்திய சர்க்கரைப் பரிசோதனை முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களை டாக்டர் ஒரே வார்த்தையில் அனுப்பினார்: உடம்பை அசையுங்கள். நடப்பதற்கு முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். சரி, வீட்டில் சும்மா கிடக்கும் சைக்கிளைத் துடைத்து எடுப்போம் என்று சுபுஹு தொழுகை முடிந்ததும் ஒன்பது பேர் கிளம்பினோம். பள்ளிவாசல் வாசலில் இருந்து தருமத்துப்பட்டிப் பக்கம் போய்த் திரும்புவது. மலை முன்னால் தெரியும், காற்று குளிர்ச்சியாக வரும், ரோட்டில் அந்த நேரத்தில் பால் வண்டியும் காய்கறி வண்டியும் தவிரக் கூட்டம் இருக்காது. முக்கால் மணி நேரம். மாஷா அல்லாஹ், மனதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது என்ன ஆகும்? கடைத்தெருவில் கல் சூடாகியிருக்கும். வாசனை வரும். "ரெண்டே ரெண்டு புரோட்டா, உடம்பு உழைச்சிருக்குல்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்ற எட்டுப் பேரும் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி இறங்குவோம். சால்னா, ஒரு ஆம்லெட், சீனி போட்ட டீ. பிறகு வீட்டுக்குப் போனால் வீட்டில் இட்லி வைத்திருப்பார்கள். அதை வேண்டாம் என்று சொன்னால் கேள்வி வரும். எனவே அதையும் சாப்பிடுவோம். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தபோது ஒன்பது பேரில் இருவருக்குத்தான் குறைந்திருந்தது. நமக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது. இதை இந்த மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "சைக்கிள் ஓட்டினா எடை கூடுமாம்" என்று ஊரில் ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. அதற்குக் காரணம் நாம்தான், சைக்கிள் அல்ல.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் நிதானமாக மிதித்தால் செலவாவது சுமார் 200 முதல் 300 கலோரி. எதிர்க்காற்றில் வேகமாக மிதித்தால் கொஞ்சம் கூடும். கடைப் புரோட்டா ஒன்று, அதன் அளவையும் ஊற்றும் எண்ணெயையும் பொறுத்து, 250 முதல் 300 கலோரி வரும். ஆக மிதித்தது முழுவதும் முதல் புரோட்டாவிலேயே திரும்பி வந்துவிடுகிறது. இரண்டாவது புரோட்டா, சால்னா, ஆம்லெட், டீ, வீட்டு இட்லி எல்லாம் மேல் வரவு. மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். முந்நூறு ரூபாய் வியாபாரத்தைக் கொண்டாட ஆயிரம் ரூபாய்க்கு விருந்து வைத்தால் கடை என்ன ஆகும்?

"அப்படியானால் பசி பொய்யா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பொய் இல்லை. பசி உண்மையானது. ஆனால் அதன் அளவைக் கண்ணும் மூக்கும் பழக்கமும் சேர்ந்து பெரிதாக்கிவிடுகின்றன.

இதைப் பற்றி நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1956-ல் ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடன் பணியாற்றிய வங்காள ஆய்வாளர்களும் வெளியிட்டது. கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில் வேலை பார்த்தவர்கள், அங்கே கடை வைத்திருந்தவர்கள் என்று 213 ஆண்களை எடுத்துக்கொண்டு, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு எடை இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சுமை தூக்குபவர்கள், நிலக்கரி அள்ளுபவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு உடம்பு போடவில்லை. லேசான வேலை செய்பவர்கள் அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். இதுவரை நாம் எதிர்பார்ப்பதுதான். ஆச்சரியம் என்னவென்றால், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் லேசான வேலை செய்பவர்களைவிட அதிகமாக, கிட்டத்தட்ட சுமை தூக்குபவர்கள் அளவுக்குச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது என்ன? உழைக்கிற உடம்பில் பசி ஓரளவு சரியாகக் கணக்குச் சொல்கிறது. உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் அந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. கல்லாவில் உட்கார்ந்து முப்பது வருடம் கழித்தவர் திடீரென்று சைக்கிள் எடுத்தால், அவர் ஏற்கெனவே சுமை தூக்குபவரின் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். முக்கால் மணி நேரச் சைக்கிளுக்கு அவருக்குப் புதிதாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை. இருப்பதை நேரம் மாற்றிச் சாப்பிட்டால் போதும்.

நேரம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மிதித்துக்கொண்டிருக்கும்போதும் இறங்கிய உடனேயும் பெரும்பாலானவர்களுக்குப் பசி மட்டுப்பட்டிருக்கும். வேகமாக உழைக்கும்போது பசியைத் தூண்டும் சுரப்பு சிறிது நேரம் குறைகிறது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு மணியோ இரண்டு மணியோ ஆனதும் அது மொத்தமாக வந்து நிற்கும். சிலருக்கு அன்று இரவுதான் வரும். எனவே இறங்கியவுடன் கடையில் சாப்பிட்டது பசிக்காக அல்ல, வாசனைக்காக. உண்மையான பசி பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. அப்போது கையில் கிடைத்தது வடையும் பஜ்ஜியும். இப்படி ஒரே பசிக்கு இரண்டு தடவை கூலி கொடுத்தோம்.

அதோடு தாகத்தையும் பசி என்று எண்ணி ஏமாறுகிறோம். இந்தப் பக்கத்து வெயிலில் சுபுஹுக்குப் பின் ஓட்டினாலும் வியர்வை போகத்தான் செய்கிறது. வந்ததும் ஒரு சொம்பு தண்ணீரோ நீர்மோரோ குடித்துவிட்டு ஒரு பத்து நிமிடம் திண்ணையில் உட்காருங்கள். அதன் பிறகும் பசித்தால் அது பசி. (இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பை அள்ளிப் போட வேண்டாம்.)

நாங்கள் செய்த மாற்றம் இவ்வளவுதான். வழியை மாற்றினோம். திரும்பும்போது கடைத்தெரு வழியாக வருவதில்லை, பின் தெரு வழியாக வருகிறோம். சிரிக்காதீர்கள், பாதி வேலையை அதுவே செய்துவிட்டது. காலைச் சாப்பாட்டை வந்து அரை மணி நேரத்துக்குள் வீட்டிலேயே முடிக்கிறோம். தட்டில் வழக்கமான இட்லி, தோசைதான், ஆனால் ஒன்று குறைத்து, அந்த இடத்தில் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல். சட்னிக்குப் பதில் கெட்டியான சாம்பார். பயறும் முட்டையும் வயிற்றில் நின்று பேசும். வெறும் மாவுப் பண்டம் இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். பதினொரு மணிப் பசிக்குச் சட்டைப் பையில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ வறுத்த கடலையோ, இல்லையென்றால் ஒரு கொய்யா. ஆயக்குடிக் கொய்யா நம் பக்கத்துச் சரக்கு, சீசனில் தள்ளுவண்டியில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்காமல் ஆப்பிளுக்குக் காசைக் கொட்டுவது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை. கேப்பைக் கூழ், கம்பங்கூழ் பிடித்தவர்கள் அதைக் குடிக்கலாம். ஆனால் கூழ் என்பதற்காகப் பெரிய சொம்பு நிறைய என்று போக வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்குக் கேப்பையும் மாவுதான்.

நாள் கடந்தால் பசியும் கொஞ்சம் அடங்குகிறது. முதல் இரண்டு மூன்று வாரம்தான் கடினம். அதைத் தாண்டியவர்களுக்கு எடை மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கிறது. நமக்கும்தான், அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைக் கவனமாகக் கேளுங்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

புரோட்டா விஷயம் தெரிந்த பிறகு நம்மில் ஒருவர் நேர் எதிராகப் போனார். இனிமேல் ஒன்றுமே சாப்பிடாமல் ஓட்டுவது, பசியை அடக்குவது என்று தீர்மானம் செய்துவிட்டார். காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கிளம்பினார். போகும் வழியில் கை நடுங்கியது, சட்டை நனைய வியர்த்தது, பேச்சுக் குழறியது. சைக்கிளை விட்டு இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பதறிப்போய் அருகில் ஒரு டீக்கடையில் டீ வாங்கினார்கள். அங்கேதான் விபரீதம்: "அவருக்குச் சுகர், சீனி போடாதீங்க" என்று சொல்லிச் சீனி இல்லாத டீயைக் கொடுத்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது சீனி ஒன்றுதான். வேறொரு தம்பி விஷயம் தெரிந்தவர். ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியைக் கலக்கிக் குடிக்க வைத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிதானத்துக்கு வந்தார். அல்லாஹ் காப்பாற்றினான்.

இது தாழ்நிலைச் சர்க்கரை. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவது. நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, திடீரென்று அடக்க முடியாத பசி, கண் மங்குவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது எல்லாம் இதன் அடையாளம். அப்போது மூன்று டீஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பார்த்து, தேறவில்லை என்றால் இன்னொரு தடவை. தேறியதும் இரண்டு பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. மெட்பார்மின் மட்டும் போடுபவருக்குப் பொதுவாக இந்தப் பயம் இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும்தான் இப்படி இறக்கும். உங்கள் மாத்திரை எந்த வகை என்று அட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடமும் கேட்டுவிடலாம். சைக்கிள் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன், அளவை மாற்ற வேண்டுமா, எந்த நேரம் போட வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த வகை மாத்திரை போடுபவர் கிளம்பும் முன் ஒரு சிறிய வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். நம் குழுவில் இப்போது எல்லார் பையிலும் இருக்கிறது.

ரமலானைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். திடகாத்திரமானவர் நோன்பு திறப்பதற்கு அரை மணி முன்பு மெதுவாக ஒரு சுற்றுப் போய் வரலாம், அல்லது தராவீஹுக்குப் பின் போகலாம். இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரையோ எடுப்பவர் நோன்பு வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்ட வேண்டாம். நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறிக்கத்தான் வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று தள்ளுவது பேணுதல் ஆகாது. இதைப் பற்றி இமாம் அவர்கள் ஷஃபானில் விரிவாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது தவறுக்கு வருகிறோம். உண்மையில் இதைச் சொல்லத்தான் இன்றைக்குத் தாய்மார்களையும் அழைத்தோம்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிளை நம் பெண் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். அதில்தான் பள்ளிக்கூடம், டியூஷன், சில நேரம் கடைக்குச் சாமான் வாங்க என்று போகிறார்கள். சந்தோஷமான விஷயம். 1991, 92 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் போது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நம் சமுதாயப் பெண்களும் அதில் இருந்தார்கள். அன்று நம் ஊர்களில் "பொம்பளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டலாமா?" என்று திண்ணைக்குத் திண்ணை வழக்கு நடந்தது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கு முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். ஆனால் ஓட்டுகிற பிள்ளைக்குச் சாப்பாடு போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

சில மாதம் முன்பு அப்படி ஒரு பிள்ளை காலையில் பள்ளிக்குப் போகும்போது தலை சுற்றி விழுந்துவிட்டது. கையில் சிராய்ப்போடு போயிற்று. அறக்கட்டளை சார்பில் பார்க்கப் போனோம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம். டீயும் ஒரு வர்க்கியும். மதியம்? டிபன் பாக்ஸில் பாதி சோறு. சாயங்காலம் வந்ததும் பயங்கரமாகப் பசிக்கும், அப்போதுதான் சாப்பிடுவேன் என்றது. அதற்கு அந்த வீட்டு நன்னி சொன்ன வார்த்தை: "பொட்டப்பிள்ளைக்கு என்ன இவ்வளவு பசி? இப்படித் தின்னா நாளைக்குக் கல்யாணத்துக்கு உடம்பு எப்படி இருக்கும்?" பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நன்னி கெட்டவர் இல்லை. அந்தப் பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் காலத்தில் அவருக்குச் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார்.

அதே வீட்டில் அத்தாவும் நம்முடன் சைக்கிள் ஓட்டுபவர். அவர் ஓட்டிவிட்டு வந்தால் வீட்டில் எல்லாரும் "பாவம், உடம்பு உழைச்சிருக்கு" என்று நெய் தோசை ஊற்றுகிறார்கள். மகள் ஓட்டிவிட்டு வந்தால் என்ன இவ்வளவு பசி என்கிறார்கள். யாருக்குக் குறைக்க வேண்டுமோ அவருக்குக் கூட்டுகிறோம், யாருக்குக் கூட்ட வேண்டுமோ அந்தப் பிள்ளைக்குக் குறைக்கிறோம். இது அந்த ஒரு வீட்டில் மட்டும் நடப்பதாக நாம் நினைக்கவில்லை.

ஐம்பது வயது ஆணின் பசியும் பதினாறு வயதுப் பிள்ளையின் பசியும் ஒன்றல்ல. ஐம்பது வயது உடம்பு வளர்ந்து முடிந்தது, அதில் சேமிப்பு நிறைய இருக்கிறது. பதினாறு வயதில் எலும்பு இன்னும் கெட்டிப்படுகிறது, மாதா மாதம் இரத்தம் போகிறது, படிப்பு வேறு. அதற்கு மேல் தினமும் சைக்கிள். அந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம் வரும் பசி வாசனைப் பசி அல்ல. காலையிலிருந்து கொடுக்காமல் விட்ட பாக்கியை உடம்பு கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. பாதிக்கு மேல்! இந்தத் திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இரத்தம் குறைவாக உள்ள பிள்ளை மேட்டில் சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம்.

நாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலே ஒரு நபிமொழியை நினைவுபடுத்துவோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்தில் திர்மிதியில் பதிவானது. மதரஸாவில் படித்தபோது நமக்கு உஸ்தாத் முதலில் மனப்பாடம் செய்ய வைத்தவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் கவனித்துப் பாருங்கள், புரோட்டாக் கடையில் அதை யாரும் யாருக்கும் நினைவுபடுத்துவதில்லை. பெண் பிள்ளை இரண்டாவது தடவை சோறு கேட்டால்தான் நினைவு வருகிறது.

சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? பெரிய செலவு ஒன்றும் இல்லை. காலையில் கிளம்பும் முன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், டீ மட்டும் போதாது. நான்கு இட்லியோ, பொங்கலோ, ரொட்டியும் பருப்புக் கறியுமோ, கூட ஒரு அவித்த முட்டை. ஒரு முட்டையின் விலை கடையில் குடிக்கும் ஒரு டீயை விடக் குறைவுதான். பையில் கடலை மிட்டாயோ வறுத்த நிலக்கடலையோ ஒரு கைப்பிடி. அதில் எண்ணெயும் புரதமும் இருப்பதால் அத்தாவுக்கு அளவோடு கொடுங்கள், பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். மாலை வந்ததும் ஒரு சிறுமலை வாழைப்பழம், சுண்டல், பால். அப்படிக் கொடுத்தால் இரவில் அள்ளி அள்ளிச் சாப்பிட வேண்டியிருக்காது, சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தின் மேல் தூங்கி விழவும் வேண்டியிருக்காது.

இரத்தத்துக்கு முருங்கைக்கீரை, கேப்பை, பயறு. நம் வீடுகளில் ஈரலும் சுவரொட்டியும் வாங்குவோம். வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு மாதத்தோடு அதை நிறுத்திவிட்டு, பிறகு ஈரலை ஆண்கள் தட்டில் வைக்கிறோம். அதை மாற்றிக்கொள்ளலாம். பேரீச்சம்பழம் இரத்தத்துக்கு மருந்து என்று எல்லாரும் நம்புகிறோம். சாப்பிடுங்கள், சுன்னத்தும் கூட. ஆனால் ஈரலோடு ஒப்பிட்டால் அதில் இரும்புச் சத்து கொஞ்சம்தான், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தோ, கொய்யா, நெல்லிக்காய் சேர்த்தோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் குப்பையில் போடுகிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள்.

எடை கூடிவிடும் என்று பயப்படும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வளரும் பிள்ளை, தினமும் மிதிக்கும் பிள்ளை, வீட்டுச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிடுவதால் குண்டாகாது. பாக்கெட் சிப்ஸும் கலர் பானமும்தான் கவனிக்க வேண்டியவை. பசியோடு அனுப்பினால் அந்தப் பிள்ளை கடையில் வாங்கித் தின்பது அவற்றைத்தான்.

தாய்மார்களே, கடைசியாகச் சாப்பிட உட்காருபவர்கள் நீங்கள் என்பதும் நமக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசியது குறைதான். அடுத்த கூட்டத்தில் அதைத் தனியாகப் பேச ஒரு பெண் மருத்துவரை அழைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள், குறைவு என்று வந்தது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மீண்டும் சைக்கிளில் போகிறது. வீட்டில் காலை ஏழு மணிக்கு நன்னியே முட்டையை உரித்து வைக்கிறார்களாம். அத்தா தோசையில் நெய் நின்றுவிட்டது என்று நம்மிடம் குறைபட்டுக்கொண்டார்.

இனி அறிவிப்புகள். வரும் ஞாயிறு காலை அறக்கட்டளை அலுவலகத்தில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை. தாயார் கூட வர வேண்டும், கட்டணம் இல்லை. ஆண்களுக்கான சர்க்கரைப் பரிசோதனை அதற்கு அடுத்த ஞாயிறு. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதால் அன்று காலை யாரும் சைக்கிள் ஓட்டிவிட்டு வர வேண்டாம், நடந்தே வாருங்கள். பைத்துல்மால் மூலம் பதினைந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் முட்டையும் நிலக்கடலையும் கொடுக்க ஆலோசனை செய்திருக்கிறோம். பெயர்கள் வெளியே தெரியாது. தேவை உள்ளவர்கள் செயலாளரிடமோ ஆலிமா அவர்களிடமோ தனியாகச் சொல்லலாம். கொடுக்க விரும்புபவர்கள் முட்டைத் தட்டாகவே கொண்டுவந்து கொடுக்கலாம். சைக்கிள் குழு எப்போதும் போல் சுபுஹுக்குப் பின் கிளம்பும். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டதால் போகும்போது எதிர்க்காற்று இருக்கும், கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகும். பின் தெரு வழியாகத்தான் திரும்புவோம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.